பொட்டு வைத்த பிரஸ்ஸின் சத்தம்

லைட் மியூசிக் கச்சேரியில் இடைவேளைக்கு முன்னால் ஒரு அறிவிப்பு வரும். டிரம்ஸ் இன்னார், தபேலா இன்னார், கிட்டார் இன்னார், கீபோர்டு இன்னார் என்று பேர் பேராகச் சொல்லி, ஒவ்வொருவரையும் ஒரு துண்டு வாசிக்க வைத்துக் கைதட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அறிவிப்பாளர் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே "மற்றும் குழுவினர்" என்பார். ஏழு வருஷம் நான்தான் அந்த மற்றும் குழுவினர். இரண்டாவது கீபோர்டு. பாட்டுக்கு நடுவில் வயலின் கூட்டம் வரவேண்டிய இடத்தில் நாலு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஆடி மாசம் கூழ் ஊற்றாத தெரு கிடையாது. அந்தத் தெருக்களில் பாதியிலாவது நான் மேடை ஏறியிருப்பேன். ஒரு மேடையிலும் என் பேர் மைக்கில் வந்ததில்லை.

ஒருமுறை மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையிலேயே கச்சேரி. என் சம்சாரம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"ஏன்யா, உன்னத் தவுர எல்லாரையும் சொன்னாங்க. நீ இன்னா, மேடையில போட்ட சேரா?"

அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சேர் மனசில் ஓர் ஓரமாக அப்படியே கிடந்தது.

பகலில் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. சின்ன பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை டை என்கிற அச்சில் வைத்து அடித்து வாஷர், கிளிப், பிராக்கெட் என்று சில்லறைச் சாமான் செய்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். அங்கே நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். மோட்டார் சூடானால் கூப்பிடுவார்கள், ஃபியூஸ் போனால் கூப்பிடுவார்கள், மற்ற நேரத்தில் பேசுவதற்குக் கூப்பிடுவார்கள். படிப்பு ஒன்பதாவதோடு நின்றுபோனது. மற்றவர்கள் புத்தகத்தில் படித்ததை நான் ஆட்களின் வாயைப் பார்த்துப் படித்தேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். அட்டைகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய சேர்ந்திருந்தன.

அதில் கால்வாசி ஒரே ஆள் சொன்னது. எங்கள் ஷாப்பின் பெரிய பிரஸ்ஸில் நின்றவர். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், எல்லாருக்கும் அண்ணாத்தே. நசரத்பேட்டையிலிருந்து வருவார். அவருடைய அப்பா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் விளைந்த கழனிகளில் கூலிக்கு இறங்கியவர். இவர் மீசை முளைக்கும் முன்பே பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். இடது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டால், "அது கேட்டுச்சு, நான் குட்த்தேன். அதுக்கப்புறம் கேக்கல" என்பார். மிஷினைச் சொல்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

இனி, இந்தக் கதைக்குக் காரணமான நண்பன். பூந்தமல்லியில் கல்யாண வீடியோ எடுக்கிற கடை வைத்திருந்தான். வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிக்காரர், பக்கத்து வீடு மதுரை, எதிர்வீடு கோயம்புத்தூர், மாடிவீடு தஞ்சாவூர். அதனால் அவன் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. யாரோடு பேசுகிறானோ அவர்கள் ஊருக்குப் போய்விடுவான். நாங்கள் வாசித்த ஒரு ரிசப்ஷனில் அவனுடைய லைட் ஒயரில் பொறி பறந்தது. நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் முறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். ஒரு பாட்டுக்கு இரண்டாவது கீபோர்டு இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு மட்டும் தெரிந்தது. "நீ இல்லாம பாட்டு சப்புனு இருந்துச்சு மச்சான்" என்றான். அப்படி ஒருத்தன் சொன்னால் அவனுக்கு என்னதான் செய்ய மாட்டோம்.

குவார்ட்டர்ஸ் ஆட்கள் சிலர் சேர்ந்து ஒரு பிலிம் சொசைட்டி நடத்திவந்தார்கள். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்யூனிட்டி ஹாலில் திரை கட்டி, எங்கெங்கிருந்தோ பெட்டியில் வரும் படங்களைப் போடுவார்கள். நண்பன் அதில் மெம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கதையே இல்லாத குட்டிப் படங்கள் அன்றைக்கு. ஒன்றில் ஆளே கிடையாது. தண்ணீர், ஒயர், ஜன்னல், மறுபடி தண்ணீர். பின்னால் ஒரு சத்தம். பாட்டு இல்லை, ராகம் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் காலுக்குள் ஏறுமே ஓர் உறுமல், அது மாதிரி. நடுநடுவே தண்ணீர்ப் பானைக்குள் யாரோ விசில் அடிப்பது போல.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் தன் பக்கத்து ஆளிடம் கேட்டார். "ரீல் கிழிஞ்சிட்ச்சா இன்னா?"

"கிழில. இதான் படமாம்."

"அப்போ கிழிச்சா இன்னா காட்டுவாங்க?"

ஹாலே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். மேனாம்பேட்டில் என் வீட்டுப் பின்கட்டில், பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளைப் பார்த்து நானே பற்றவைத்த, வெளிச்சத்துக்கு ஏற்ப உறுமுகிற சர்க்யூட் போர்டு ஒன்று இருந்தது. அதற்கு மேலே கையை நீட்டினால் நிழல் விழுந்து அதன் குரல் இறங்கும், கையை எடுத்தால் ஏறும். எதற்கு இது என்று சம்சாரம் கேட்டால் பதில் இருக்காது. எதற்கு என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்படிச் சத்தம் போடுகிறவனுக்கும் உலகத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது நண்பன் கேட்டான். "நம்ம ஏன் ஒண்ணு பண்ணக் கூடாது?"

"நீ படம் புடி. சத்தம் என்து."

"இசைன்னு போடணுமா, ஒலின்னு போடணுமா?"

"ஒலின்னே போடு. ஆனா பேரு போடணும்."

"தனி கார்டு மச்சான். உன் பேரு மட்டும். வேற எழுத்தே இருக்காது."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் இதைச் சொன்னேன். தனி கார்டு என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருந்தது. "அப்ப சேர் இல்ல" என்றாள். இல்லை என்றேன்.

படம் எதைப் பற்றி என்று யோசிக்கவே இல்லை. எங்கள் ஷாப்தான். ஆனால் உள்ளே கேமரா கொண்டுவர முதலாளி விடமாட்டார். வருஷத்தில் ஒரு நாள்தான் அதற்கு வழி. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லி, மிஷின்களைத் துடைத்து, விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, முதலாளி வீடியோவும் எடுக்கச் சொல்வார். அந்த வருஷம் அந்த வேலையை நண்பனுக்கு வாங்கிக் கொடுத்தேன். பூஜை முடிந்து, எல்லாரும் பொரி கடலைப் பொட்டலத்தோடு வாசலுக்குப் போன பிறகு, நாங்கள் மூன்று பேர் உள்ளே தங்கினோம்.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் பிரஸ்ஸ ஓட்டிக் காட்டுங்க" என்றான் நண்பன்.

அண்ணாத்தே கையை விரித்துவிட்டார். "பொட்டு வச்சாச்சு. இனிமே அது தூங்குது. நாளிக்கு மறுபூச போட்டு எழுப்பற வரிக்கும் ஓட்டக் கூடாது."

"அஞ்சே நிமிஷம்ணே."

"உன்ன தூக்கத்துல எழுப்பி வேலை செய்யச் சொன்னா செய்வியா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அண்ணாத்தேயைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு ஒரு வழி சொன்னார். டை மாற்றும்போது செய்வது போல, கரண்டை நிறுத்திவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் உருட்டலாம். உருட்டினால் பிரஸ்ஸின் தலை மெதுவாக இறங்கி ஏறும். "அது ஓட்றது இல்ல. தொட்டில் ஆட்டற மாரி" என்றார். நான் மெயினை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் உருட்டினார். நெற்றியில் பொட்டு வைத்த அந்த இரும்பு மெதுவாகக் கீழே வந்தது, மேலே போனது. தகடு வைப்பது போல அவருடைய இன்னொரு கை உள்ளே போனது, வெளியே வந்தது. நண்பன் தரையில் படுத்து எடுத்தான், ஸ்டூல் மேல் ஏறி எடுத்தான். சத்தம் என்று எதுவுமே இல்லை. வாசலில் பிள்ளைகள் பொரிக்குச் சண்டை போடுவதுதான் டேப்பில் பதிந்திருந்தது.

பிறகு கடையில் அவன் அந்தப் படத்தை ஒரு வீடியோ டெக்கில் வேகமாக ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு செய்தான். தொட்டில் ஆடியது வெறிபிடித்து அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. வேகமாக ஓட்டினால் திரையில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் வரும். கல்யாண வீடியோவில் அப்படி வந்தால் பெண் வீட்டார் அடிக்க வருவார்கள். இதில் அதை அப்படியே விட்டான். நன்றாகத்தான் இருந்தது.

சத்தம் என் வேலை. முதலில் நிஜ சத்தத்தை எடுக்கலாம் என்று ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் ஓடும்போது ஷாப்பின் பின்பக்க ஜன்னலில் கேமராவை வைத்துப் பார்த்தோம். உபயோகமில்லை. அந்தக் கேமராவுக்குப் பெரிய சத்தம் வந்தால் தானே அமுக்கிவிடுகிற குணம். ஊரையே அதிரவைக்கிற பிரஸ், கேசட்டில் ஈரத்துணி துவைப்பது போல் விழுந்திருந்தது. அதனால் நானே செய்தேன். கீபோர்டின் அடிக்கட்டையில் ஒரு டிரம் சத்தம். அதைக் கேசட்டில் பதிந்து, டெக்கின் மோட்டாரில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் குறைத்து ஓடவிட்டால், டிரம் போய் இரும்பு வரும். அதற்கு மேலே என் போர்டின் உறுமல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எத்தனை போயின என்று நான் எண்ணவில்லை. பக்கத்து வீட்டம்மா மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

முடித்ததாக நினைத்து அண்ணாத்தேயை வரவழைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

"சத்தம் கரீட்டா கீது. ஆனா இப்டி அட்ச்சா என் கை போய்டும்."

"இன்னா சொல்ற அண்ணாத்தே?"

"அட்ச்சிகினே கீது பாரு, வுடாம. நான் கைய எப்ப எடுக்கறது? தகடு வைக்கணும், கைய எடுக்கணும், அப்பறம்தான் பெடல மிதிக்கணும். என் கைக்கு எடம் வுடு நைனா."

மேஜை மேலே தட்டிக் காட்டினார். அடி, அடி, இடைவெளி. அடி, அடி, அடி, நீளமான இடைவெளி. தகடு சரியாக உட்காராத நேரத்தில் அவர் கை கொஞ்சம் தங்குகிற இடம் அது. அவர் தட்டத் தட்ட நான் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து பதிந்தேன். அந்த இடைவெளிகள் வந்த பிறகுதான் அது சத்தமாக இருந்தது போய் வேறு ஏதோ ஆனது. கேட்கிறவன் ஒவ்வொரு முறையும் காத்திருப்பான். கை வெளியே வந்துவிட்டதா என்று.

கடையில் உட்கார்ந்து படத்தோடு சேர்த்தோம். ஒன்பது நிமிஷப் படம். கடைசியில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "ஒலி" என்று வந்து, அதன் கீழே என் பேர் வந்து நின்றது. கல்யாண வீடியோவுக்கு மாப்பிள்ளை பேர் அடிக்கிற அதே மெஷின்தான். எழுத்தின் ஓரம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னொரு வாட்டி போடு" என்றேன். மூன்று முறை போட்டான். நாலாவது முறை கேட்க வெட்கமாக இருந்தது.

அந்தப் பிலிம் சொசைட்டி முதன்முதலாகச் சொந்தமாக ஒரு விழா நடத்தியது. இரண்டு நாள், சின்னப் படங்கள் மட்டும், யாருடைய தயவும் இல்லாமல் தாங்களே எடுத்தவர்களின் படங்கள். பட்டணத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மூன்று கண் வைத்த புரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹால் நடுவில் வைத்திருந்தார்கள். எங்கள் படம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் சம்சாரம் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போதே, "பேரு வந்தா எத்தினி நேரம் நின்னுச்சுன்னு எண்ணிகினு வந்து சொல்லு" என்று சொல்லியிருந்தாள். ஷாப்பிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள், தங்கள் மிஷினை சினிமாவில் பார்க்க. அண்ணாத்தே வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விளக்கை அணைத்தார்கள். படம் ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் என் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இரும்பு நாற்காலிகள் அதிர்ந்தன. இடைவெளி வரும்போது ஹால் முழுக்க ஒரு தும்மல்கூட இல்லை. ரீல் கிழிந்துவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது நிமிஷமும் நான் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நீலம் வந்தது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று போட்டு நண்பன் பேர். நான் எண்ணுவதற்குத் தயாராக விரலை மடக்கி வைத்திருந்தேன். திரை கருப்பானது. விளக்கு எரிந்தது.

"டேப்பு மாத்திப் போட்டுட்டாங்களா?" என்று அண்ணாத்தே கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். வேறு எப்படியும் நினைக்கத் தோன்றவில்லை.

நண்பனை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். பட்டணத்திலிருந்து விருந்தாளியாக வந்திருந்த தாடிக்காரர் ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார்.

"இந்தப் படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது சவுண்டு. அடிக்கும் அடிக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருது பாருங்க, மூச்சைப் பிடிச்சு விடற மாதிரி. அது நீங்க சேர்த்ததா, இல்ல மிஷினே அப்படித்தானா?"

அண்ணாத்தே என் தொடையைத் தட்டினார். "என் கை" என்றார் மெதுவாக. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நண்பன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பட்டணத்துக்காரரோடு பேசுவதால் பட்டணத்துப் பேச்சு வந்துவிட்டது.

"நான் எதுவுமே சேர்க்கல சார். இந்தப் படத்துல மியூசிக்கே கிடையாது. ஃபேக்டரில கேமராவ வச்சேன். மிஷின் பேசிச்சு, நான் கேட்டேன். அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். நான் காத்திருந்தேன். இதோ அடுத்த வார்த்தை சொல்வான், ஏதோ அழகுக்கு அப்படிச் சொல்லிவிட்டு இப்போது திரும்பி என் பக்கம் கையைக் காட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் கண் என் மேல் பட்டது. பட்டதும் சுவரில் தொங்கிய பேனருக்குப் போய்விட்டது.

அப்போது அண்ணாத்தே எழுந்து நின்றார்.

"சார், ஒரு நிமிசம். அந்த மிஷினு நான் ஓட்றது." ஹால் திரும்பியது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "படத்துல அதுக்குப் பொட்டு வச்சிகீது, எல்லாரும் பாத்தீங்க. அது ஆயுத பூச அன்னிக்கு எட்த்தது. பொட்டு வச்சா மிஷின ஓட்ட மாட்டோம். ஃபியூஸ புடுங்கிட்டு நான் கையால உருட்னேன். சத்தமே வர்ல. இப்ப கேட்டீங்களே, அந்தச் சத்தம் மொத்தமும் இவரு பண்ணது. ஊட்ல குந்திகினு பண்ணாரு."

அப்புறம் என் பேரைச் சொன்னார். ஷாப்பில் வருகைப் பதிவேட்டில் இருப்பது போல, அப்பா பேரின் முதலெழுத்தோடு, முழுசாக.

தலைகள் எல்லாம் யார் என்று தேடின. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தால் பேருக்குப் பிச்சை கேட்பவன் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அதைவிட, அவனே சொல்லட்டும், அவன் வாயால் வரட்டும் என்ற பிடிவாதம். இரண்டில் எது பெரிசு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மேடையில் நண்பன் சிரித்தான். அன்பான சிரிப்பு. மாப்பிள்ளையின் தாத்தாவை போட்டோவுக்கு நிற்கவைக்கும்போது சிரிப்பானே, அது.

"இவர்தான் சார் படத்துல வர்ற அந்தக் கை. அண்ணனுக்கு ஒரு கைதட்டு குடுங்க." கொடுத்தார்கள். "இத்தன வருஷமா பிரஸ்ல நின்னு நின்னு அண்ணனுக்குக் காது மந்தமாயிடுச்சு. மிஷின் ஓடினாலும் அவருக்கு ஓடாத மாதிரிதான் கேக்கும். என் படமே அதப் பத்தினதுதான் சார்."

ஹாலில் உச்சுக்கொட்டுகிற சத்தம் எழுந்தது. தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ மறுபடி கைதட்ட ஆரம்பிக்க, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அண்ணாத்தேயைப் பார்த்துத்தான் தட்டினார்கள். அவர் அந்தச் சத்தத்துக்கு நடுவில், என்ன நடக்கிறது என்று புரியாமல், நின்றுகொண்டிருந்தார். பிறகு அடுத்த படத்தின் பேரை அறிவித்தார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டில் நண்பனைப் பிடித்தேன்.

"என் கார்டு எங்க?"

"எட்த்துட்டேன் மச்சான்." மறைக்கவில்லை. "செலக்‌ஷனுக்குப் போட்டுக் காட்டினப்ப அந்த தாடி சார் கேட்டாரு, இது நிஜ சத்தம்தானேன்னு. அவரு கேட்ட விதத்துல இல்லன்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடும்னு தோணிச்சு. தலையாட்டிட்டேன். ஒரே ஒரு தலையாட்டல். அதுக்கப்புறம் உன் பேர எப்படிப் போடறது, நீயே சொல்லு."

"முன்னாலயே என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட."

"அண்ணாத்தய ஏன் செவிடுன்ன?"

"வாயில வந்துச்சு. வேற இன்னா சொல்றது? எல்லாரும் அவருக்குக் கைதட்டினாங்கல்ல, பாத்தல்ல? அடுத்த படத்துல உன் பேர முதல் கார்டா போடறேன்."

அவன் என்னைச் சமாதானப்படுத்தினான் என்பதைவிட, என் பேச்சிலேயே, என் ஊர்க்காரன் மாதிரியே பேசினான் என்பதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. கோபமாக எதையும் சொல்லத் தெரியவில்லை. ஊரார் சொன்னதை எல்லாம் பாட்டிலில் சேர்த்துவைத்தவனுக்கு, அன்றைக்குச் சொல்ல ஒன்று அகப்படவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் கடைக்கு அதற்குப் பிறகு போகவில்லை. கடைப் பெயர்ப்பலகையில் தன் பேருக்குக் கீழே "குறும்பட இயக்குநர்" என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்குக் கல்யாண வேலைகள் கூடின.

சம்சாரத்துக்குக் கடிதத்தில், எண்ண மறந்துவிட்டேன் என்று எழுதினேன்.

திங்கட்கிழமை ஷாப்பில் விளையாட்டு ஆரம்பித்தது. டீ வாங்கி வந்தவன் அண்ணாத்தேயின் காதுக்குள் வாயை வைத்து, "அண்ணாத்தே, டீ" என்று கத்தினான். இன்னொருத்தன், "அவருகிட்ட எதுக்கு மாமே கத்தற, கைதட்டு, திரும்பிப் பாப்பாரு" என்றான். எல்லாரும் தட்டினார்கள். அவரும் சிரித்தார். அந்த வாரம் முழுக்க அவர் எங்கே நடந்தாலும் ஒரு கைதட்டு போனது. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். பேரிங் தேய்ந்தால் எனக்கு முன்னாலேயே கேட்டுச் சொல்கிற ஆள் அவர்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், ஷாப்புக்குப் பின்னால் தகட்டுக் கழிவு கொட்டி வைத்திருக்கும் இடத்தில் அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிக்க அண்ணாத்தே. அவன் அப்டி பேசுவான்னு நான் நெனைக்கல."

"அவன் பேசனது போவட்டும். அவன் எப்பவும் எதிர்ல நிக்கறவன் மூஞ்சியப் பாத்துப் பேசறவன்." ஒரு கவளம் சாப்பிட்டார். "நான் உன் பேர சொன்னேனே. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இனிஷியலோட சொன்னேன்."

"ஆமா."

"யாருன்னு எல்லாரும் திரும்பினாங்க. நீ எழுந்துப்பன்னு நான் நின்னுகினே இருந்தேன். கைதட்டு முடியற வரிக்கும் நின்னுகினே இருந்தேன். நீ எழுந்துகினு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவனால என்னச் செவிடன் ஆக்கியிருக்க முடியுமா?"

 அவர் டிபன் பாக்ஸை மூடி, குழாயில் கை கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் பிரஸ்ஸில் ஒரு சுவிட்சு மக்கர் செய்தது. "எலக்ட்ரீஷியனக் கூப்டு" என்று வேறு ஒருத்தனிடம் சொன்னார். அதன் பிறகு நான் அந்த ஷாப்பில் இருந்தவரைக்கும் என்னோடு பேசினார், சிரித்தார், என் மகள் பிறந்தபோது வந்து பார்த்தார். நைனா என்று மட்டும் கூப்பிடவில்லை.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில், கச்சேரி வேனில், மருமகனிடம்கூட. எப்போதும் சைக்கிள் ஸ்டாண்டோடு நிறுத்திவிடுவேன். அங்கே நிறுத்தினால் கேட்கிறவர்கள் என் பக்கம் வந்து நிற்பார்கள், நண்பனை இரண்டு வார்த்தை திட்டுவார்கள், எனக்கும் ஆறுதலாக இருக்கும். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு நேரத்தை யாரிடமும் சொன்னதில்லை.